நான்கு அறைக்கும் காற்று

பண்டகசாலையில் அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. பொருந்தவில்லை என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் இருக்கும் மின்சார மீட்டரை ஒரு பார்வை பார்ப்பார். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொரு பார்வை. நடுவில் வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்த எண்களை வைத்தே சொல்லிவிடுவார்.

"மத்தியானம் இஸ்திரி போட்டீங்களா?" என்பார். போட்டிருப்பார்கள்.

அதற்காக அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடக் கூடாது. வயிற்றுக்கு வஞ்சனை செய்யாதவர். பிள்ளைகள் படிப்பு என்றால் கணக்குப் பார்க்காதவர். வீணாவதுதான் அவருக்கு ஆகாது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால், யாரோ தன் சட்டைப்பையில் கைவிட்ட மாதிரி துடித்துப்போவார்.

பண்டகசாலையில் அவர் வேலை செய்யும் இடம் நீளமான ஓர் அறை. இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். குழாய், எல்போ, வால்வு, போல்ட்டு, நட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி. மனிதர்களுக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவர்கள் சீட்டை நீட்டுவார்கள். இவர் பொருளை நீட்டுவார். "இருக்கு", "இல்ல", "நாளைக்கு வாங்க" என்பதைத் தாண்டி வாயைத் திறக்க வேண்டிய தேவையே வராது. இப்படியே இருபத்து சொச்சம் வருஷம் ஓடிவிட்டது. அதனாலோ என்னவோ, சும்மா பேசுவது என்கிற வித்தை அவருக்குக் கைவரவே இல்லை. பேச வேண்டுமென்றால் அவருக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். வீட்டில் அந்தக் காரணம் பெரும்பாலும் சுவிட்சுதான்.

வீடு இருந்த அடுக்ககத்தைக் கட்டிய புண்ணியவான், ஒவ்வோர் அறையிலும் ஏசி மாட்டச் சுவரில் துளை விட்டிருந்தான். கூரையில் ஒரு கொக்கிகூட வைக்கவில்லை. இங்கே குடிவருகிறவர்கள் எல்லாரும் அறைக்கு ஓர் ஏசி வாங்குகிற ஆட்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. இவர் வாங்கியது ஒன்று. அதைப் பெரிய அறையில் மாட்டினார். மீதி அறைகளுக்கு ஒரு மேசை விசிறி. அது சூடான காற்றை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாற்றும், அவ்வளவுதான்.

ஆகவே வெயில் காலம் வந்தால் குடும்பம் முழுக்கப் பெரிய அறைக்குக் குடிவந்துவிடும். கட்டிலில் மனைவி, மடியில் பித்தான் அறுந்த சட்டையோ நறுக்க வேண்டிய வெங்காயமோ. தரையில் மெத்தையைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு மகள், அவளைச் சுற்றிப் பள்ளிப் புத்தகங்கள். சுவரோரம் மடிக்கணினியோடு மகன். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். கதவோரம் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு இவர். எள் விழ இடம் இருக்காது. யாராவது எழுந்தால் யாருடைய காலையாவது மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சண்டைக்கும் குறைவில்லை.

"இருவத்தி ரெண்டுல வச்சா என்ன குறைஞ்சா போயிடும்? வேர்க்குது" என்பான் மகன்.

"உனக்கு வேர்த்தா போய்க் குளி. எனக்குக் கால் விறைக்குது" என்பாள் மகள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. ரிமோட்ட அப்பாகிட்ட குடுங்க" என்பாள் மனைவி. அவர் வாங்கி இருபத்தைந்தில் வைத்துவிட்டு, "இது என்ன வீடா, ஐஸ் கம்பெனியா?" என்பார். தினமும் அதே வசனம்தான். பிள்ளைகள் அவருக்கு முன்னாலேயே அதை உதட்டசைவில் சொல்லி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவர் பார்க்காததுபோல் தாளைத் திருப்புவார்.

அந்தத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் தன் குடும்பத்தைத் தெரிந்துகொண்டார். மகன் ஒரு நாள் அம்மாவிடம், "இண்டர்வியூ ஊத்திக்கிச்சும்மா. நான் பேசும்போதே அந்த ஆள் கொட்டாவி விடறான்" என்றான். மறுநாள் சாயங்காலம் இவர் ஒரு நல்ல சட்டை வாங்கி வந்து, ஏதோ தள்ளுபடியில் கிடைத்தது என்று சொல்லிக் கட்டிலில் போட்டார். மகளுக்குக் கணக்கு வாத்தியார் மேல் பயம் என்பதும், மனைவிக்கு இடது முட்டி வலிக்கிறது என்பதும் அப்படித்தான் அவர் காதுக்கு வந்தன. யாரும் நேராக அவரிடம் எதையும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் இருக்கும்போது சொன்னார்கள். அதுவே அவருக்கு நிறைவாக இருந்தது. நிறைவாக இருந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது என்பதுதான் இந்தக் கதையில் உள்ள கோளாறு.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மின்சார பில்லும் கூடவே வந்தது. பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடும்போது இரண்டு தடவை அதை எடுத்து விரித்துப் பார்த்தார், தப்பாகப் படித்திருப்போமோ என்கிற நப்பாசையில்.

பண்டகசாலைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு ஒப்பந்தக்காரர் ஜன்னல் வழியே யோசனை சொன்னார். "ஏசி ரூம்ல ஒரு சீலிங் ஃபேன மாட்டுங்க. ஏசிய இருவத்தி ஏழுல வச்சுட்டு ஃபேன மெதுவா சுத்த விடுங்க. அதே குளிர்ச்சிதான் தெரியும். கரண்ட் எவ்வளவு மிச்சமாகுதுன்னு அப்புறம் சொல்லுங்க."

ஒரே ஒரு ஃபேன். அதை வாங்கத்தான் அவர் கடைக்குப் போனார். இதை அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

கடைக்காரப் பெண் நல்ல பேச்சுக்காரி. கூரையெங்கும் விதவிதமான ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அடியில் நின்ற இவருடைய தலைமுடி நாலா பக்கமும் பறந்தது.

"ஒண்ணு எடுத்தா மாட்டுக்கூலி தனி சார். நாலு எடுத்தா, கொக்கி அடிக்கிறது, ஒயரு இழுக்கறது எல்லாம் எங்க ஆளே ஃப்ரீயா செஞ்சு குடுத்துடுவாரு. எப்படியும் கூரைய ஓட்டை போடத்தானே போறீங்க?"

இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் புத்தி சுறுசுறுப்பானது. நான்கு அறைக்கும் காற்று வந்துவிட்டால் ஏசியையே போட வேண்டாமே! ஏசி குடிக்கிற மின்சாரம் எங்கே, இது குடிக்கிறது எங்கே? மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்கு வாங்கினார்.

ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஒற்றை ஆளாக வந்தார். ஏணியைப் பிடிக்க இவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். டிரில்லிங் மிஷின் கூரையைக் குடையக் குடைய, வெள்ளைத் தூள் இவர் தலையிலும் புருவத்திலும் கொட்டியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு நாள்ல தாத்தா ஆயிட்டீங்க" என்று சிரித்தாள். கொக்கியை முடுக்கி, கம்பியோடு ஃபேனைத் தூக்கி மாட்டும்போது இவர் அடியிலிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். வேலை பிடித்திருந்தது. ஒவ்வோர் அறையாக முடிந்ததும் வீட்டார் எல்லாரும் வந்து அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

எலக்ட்ரீஷியன் கடைசி ரெகுலேட்டரைத் திருகி முடித்துவிட்டுச் சொன்னார்: "அறைக்கு ஒரு சுவிட்சு, ஆளுக்கு ஒரு ரெகுலேட்டர். இனிமே யார் காத்துக்கும் யாரும் சண்டை போட வேணாம் சார்."

"அதானே வேணும்" என்றார் இவர், பெருமையாக.

அடுத்த பில் வந்தபோது முந்தையதில் பாதிதான் இருந்தது. நம்ப முடியாமல் வாசலுக்குப் போய் மீட்டரோடு ஒத்துப் பார்த்தார். சரிதான். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. பில்லை ஆட்டிக்கொண்டே பெரிய அறைக்குள் நுழைந்தார்.

அறை காலியாக இருந்தது.

காலியாகிப் பல நாள் ஆகியிருந்தது. அவர் கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது. மகன் ஃபேன் வந்த அன்றே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். மகளுக்கு மேசையில் உட்கார்ந்து படித்தால்தான் முதுகு வலிப்பதில்லையாம். மனைவி தையல் மெஷின் இருந்த சின்ன அறையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டாள். ஏசிக் குளிர் இல்லாததால் முட்டி வலி விட்டுவிட்டது. அதோடு, "உங்க குறட்டை இல்லாம இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் நல்லாத் தூங்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. எல்லாரும் சௌகரியமாக இருந்தார்கள். வீட்டில் சண்டையே இல்லை. அவரவர் பசிக்கு அவரவர் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்கள்.

பெரிய அறையில் நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாளை விரித்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். அந்தத் தாளில் படிக்க இவ்வளவு குறைவாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலமானால் அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டுவார்.

"ஃபேன் ஆடுதா?"

"இல்லப்பா, நல்லா ஓடுது" என்பான் மகன், காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் கழற்றி.

"சத்தம் கித்தம் வருதா?"

"வரலப்பா."

இதற்கு மேல் ஃபேனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, வந்தா சொல்லு" என்று திரும்புவார். மகள் அறையிலும் இதே கேள்வி, இதே பதில். மனைவியோ, "நேத்துதானே பாத்தீங்க? அதுக்குள்ள கழண்டு விழுந்துடுமா?" என்று கேட்டுவிட்டாள். எலக்ட்ரீஷியனையே ஒரு தடவை வரவழைத்தார். அவரும் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை சார், இது பத்து வருஷத்துக்கு அசையாது என்று நல்வாக்குச் சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு அது சாபமாகப் பட்டது. ஒரு திருகாணி வீணானால்கூடப் பொறுக்காத மனிதர், நல்ல ஃபேன் ஒன்று எரிந்து போகாதா என்று ஏங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஏக்கம் பலித்தது. மகள் தலையணையும் புத்தகமுமாகப் பெரிய அறை வாசலில் வந்து நின்றாள்.

"என் ஃபேன் நின்னுபோச்சுப்பா. இங்க படிக்கவா?"

"கேக்கணுமா? வா, வா." அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளி இடம் செய்தார். அலமாரியின் மேலிருந்த மெத்தையைத் தானே இறக்கி, தூசி தட்டி விரித்தார். அவள் குப்புறப் படுத்துப் புத்தகத்தைத் திறந்தாள். இவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமல் இருப்பதே சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளாகவே ஆரம்பித்தாள். "அப்பா, எங்க கணக்கு சார் இருக்காரே..."

அதற்குள் மகன் உள்ளே வந்தான். கையில் திருப்புளி. "ஏய், உன் ஃபேன் ரெடி. கெப்பாசிட்டர்தான் போயிருந்துச்சு. கீழ கடையில வாங்கிட்டு வந்து போட்டுட்டேன்." அப்பாவைப் பார்த்து, "ஆளக் கூப்பிட்டா கூலி கேப்பான்ல, அதான் நானே செஞ்சுட்டேன்" என்றான். பாராட்டு வரும் என்று நின்றான்.

"சபாஷ்" என்றார் அவர். வேறென்ன சொல்வார்? மகள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கணக்கு சாருக்கு என்ன ஆனது என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் போயிருக்கும். வேலையிலிருந்து வந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் அடுக்ககத்தின் காவல்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார், விஷயத்த அமுக்கிட்டீங்களே! பையனுக்கு வேலை கெடைச்சிருச்சாமே, வெளியூர்ல! அடுத்த மாசமே கெளம்பறாராமே!"

"ஆமாமா" என்று அசடு வழிந்தார் அவர். "சொல்லணும்னு இருந்தேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். மகன் அறைக் கதவைத் தட்டினார். இந்தத் தடவை ஃபேனைப் பார்க்கவில்லை.

"வேலை கெடச்சிருக்காமே?"

மகன் திகைத்துப்போனான். "அம்மா சொல்லலையாப்பா? செவ்வாக்கெழமையே சொன்னேனே."

சின்ன அறையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். "நீ அப்பாகிட்ட சொல்லியிருப்பேன்னுல்ல நான் நெனச்சேன்?"

அவர்கள் இருவரும் மகளைப் பார்த்தார்கள். அவளும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். மூவரும் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஸாரிப்பா. வேணும்னு இல்லப்பா." அவருக்கும் அது தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம். கோபப்பட ஆள் இல்லாமல், "நல்ல கம்பெனியா? சரி, சரி, சந்தோஷம்" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.  

முன்பென்றால் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டிருப்பார். அவன் சொல்லும்போது குரல் எப்படி இருந்தது, மனைவி அழுதாளா, மகள் துள்ளிக் குதித்தாளா, எல்லாம் தெரிந்திருக்கும். இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை போனது போனதுதான். அது நடந்தபோது அவர் இரண்டு சுவர் தள்ளி, ஓடுகிற ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மகன் கிளம்ப இன்னும் மூன்றே ஞாயிற்றுக்கிழமைகள்தான் இருந்தன. அவன் போவதற்குள் ஒரு நாளாவது எல்லாரும் பழையபடி இந்த அறையில் வந்து உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து அவரவர் அறைக்குப் போனதும், அவர் ஏசியின் சுவிட்சைப் போட்டார். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தது; சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டார். இருபத்தைந்தில் வைக்கவில்லை. மகனுக்குப் பிடித்த இருபத்திரண்டில் வைத்தார். மெத்தையை விரித்து, மனைவிக்குக் கட்டிலில் தலையணை வைத்து, மகளுக்குக் கால் விறைக்குமே என்று ஒரு போர்வையையும் மடித்துப் போட்டார். கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"ஏசி போட்டிருக்கேன்! எல்லாரும் வாங்க!"

 மகன் அறையிலிருந்து குரல் வந்தது. "வேணாம்ப்பா! ஃபேனே ஜில்லுனு இருக்கு! நீங்க போட்டுக்கங்க!"

"எனக்கும் போதும்ப்பா!" என்றாள் மகள்.

"இருவத்தி ரெண்டுல வச்சிருக்கேன்டா!" என்று கத்தினார். தன் வாயிலிருந்தா இது வருகிறது என்று அவருக்கே இருந்தது.

"ஐயோ அப்பா, பில் எகிறிடும்!" மகன் சிரித்தான். "நான் போனப்புறம் நீங்க கஷ்டப்படக் கூடாதுல்ல?"

பாசமாகத்தான் சொன்னான். அந்தப் பாசத்தை எதிர்த்து என்ன வாதம் செய்வது? அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. வாங்கடா, எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று கூப்பிடலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை வாழ்நாளில் அவர் சொன்னதில்லை. தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வழி தெரியாமல் நின்றுவிட்டது.

காலடிச் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் வந்து நின்றாள். விரித்திருந்த மெத்தையைப் பார்த்தாள், மடித்திருந்த போர்வையைப் பார்த்தாள். உள்ளே வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா? ஒரு நாளும் இல்லாம ஏசி போட்டிருக்கீங்க?"

அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் உட்காரேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்ணுமில்ல. வெக்கையா இருந்துச்சு" என்றார்.

"அப்ப நிம்மதியா தூங்குங்க. இத்தன வருஷம் உங்கள யாரு இந்த ரூம்ல தூங்க விட்டா?" போர்வையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிள்ளைகள் அறைப் பக்கம் திரும்பி, "சத்தம் போடாதீங்க, அப்பா படுத்திருக்கார்" என்றாள். பிறகு குளிர் வெளியே போய்விடாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் திறந்துவிடலாம். திறந்தால், ஏன் திறந்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல அவரிடம் காரணம் எதுவும் இல்லை.